நாற்பத்தொரு கிலோவுக்கு ஒரு மோட்டர்

ஜூன் 3, திங்கள்

அம்மா இன்று நாற்பத்தேழு நிமிடம் அந்தரத்தில் இருந்தார்.

கண் கிளினிக்கால் வந்து காரை முற்றத்தில் நிறுத்திப் பொத்தானை அமுக்கினேன். எங்கள் காரின் முன் சீற் நடக்கமாட்டாதவர்களுக்கென்று யப்பானில் செய்தது. கதவைத் திறந்தால் தானாகத் திரும்பி, வெளியே வந்து, நிலத்துக்குக் கிட்ட இறங்கும். இறங்கும்போது உள்ளே இருந்து ஒரு பெண் யப்பான் மொழியில் ஏதோ சொல்வாள். பதினொரு வருடமாக அது எங்களுக்கு விளங்கியதில்லை. அம்மா மட்டும் ஒவ்வொரு முறையும் "ஓமடி பிள்ளை" என்று மறுமொழி சொல்வார்.

இன்று அவள் பாதி வசனத்தில் நின்றாள். சீற்றும் நின்றது. அம்மாவின் கால் நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில் தொங்கியது. என் மனைவி நளாயினி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா அங்கேயே இருந்து குடித்துவிட்டு, சீனி காணாது என்றார். பிறகு கராச் நேசன் வந்து, கால் ஊன்ற மர வாங்கு ஒன்றை அண்டக்கொடுத்து, அம்மாவைச் சக்கரக் கதிரைக்கு மாற்றினான்.

காரைச் செய்த கொம்பனியின் பெயரை இங்கே எழுதமாட்டேன். விளம்பரம் செய்ய அவர்கள் எனக்கு ஒன்றும் தருவதில்லை.

ஜூன் 4, செவ்வாய்

நேசன் சுன்னாகத்தில் கராச் வைத்திருப்பவன். கை நல்லது, வாய் நீளம். இன்று சீற்றுக்குக் கீழே தலையை விட்டு ஒரு மணித்தியாலம் கிடந்தான்.

"மோட்டர் முடிஞ்சுது அண்ணை. உள்ளுக்குப் பல்லுச் சில்லு நொருங்கிப் போச்சு."

"புதுசு போடு."

"எங்க கிடைக்கும்? உப்பிடிச் சீற் உள்ள கார் யாழ்ப்பாணத்தில உங்களிட்டை மட்டும்தான். கொழும்புக்கும் எடுத்துக் கேட்டிட்டன், சிரிக்கிறாங்கள். யப்பானில ஆரும் இந்தக் காரை உடைச்சு வைச்சிருந்தால் உண்டு."

சீற் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. கதவு பூட்டாது. படங்கு போட்டு மூடினோம்.

அம்மாவுக்கு ஜூலை 12 வலது கண்ணில் ஒப்பரேஷன். இடது கண் எப்போதோ போய்விட்டது. இருக்கிற ஒரு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, இந்தத் திகதி தவறினால் அடுத்தது வருட முடிவில்தான், அதற்குப் பிறகு உத்தரவாதம் தரமாட்டேன் என்று டொக்டர் போன கிழமையே சொன்னார். ஒட்டோவில் ஏற்றலாம், அம்புலன்ஸுக்குச் சொல்லலாம் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். இடுப்பில் தகடு வைத்த பிறகு அம்மாவுக்கு ஏறவும் ஏலாது, குனியவும் ஏலாது. தூக்கித்தான் வைக்க வேண்டும்.

"என்னை நாலு பேர் தூக்கிறது ஒருக்காத்தான். அது இப்ப இல்லை," என்றார். "என்ர காரில போவன். இல்லாட்டிப் போகேன்."

"அப்ப கண்?"

"கண் தெரிஞ்சா நல்லந்தான். நானே பேப்பர் வாசிப்பன். நீ விட்டு விட்டு வாசிக்கிறாய்."

விட்டு வாசிப்பது உண்மைதான். மரண அறிவித்தலில் அம்மாவுக்குத் தெரிந்தவர்கள் வந்தால் தாண்டிவிடுவேன். வயதுபோனவர்களுக்கு எது தேவை, எது தேவையில்லை என்று வீட்டில் ஒருவர் தீர்மானிக்கத்தான் வேண்டும்.

ஜூன் 6, வியாழன்

நேசன் ஒரு வட்ஸ்அப் நம்பர் கொண்டுவந்தான். யப்பானில் பழைய கார்களை உடைத்துச் சாமான் விற்கும் இடமாம்.

"நல்ல ஆள் அண்ணை. காரில கொத்தியிருக்கிற செசி நம்பரை மட்டும் அனுப்புங்கோ. மற்றதை அந்தாள் பாக்கும்."

"பேர் என்ன?"

"பேரைக் கேட்டு என்ன செய்யப் போறியள், சம்பந்தம் பேசப் போறியளோ?"

நேசன் என் தம்பியோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். தம்பியும் யப்பானில்தான். அவனுடைய பெயரை இந்தக் கொப்பியில் எழுதுவதில்லை என்று 2015இல் முடிவெடுத்தேன், இன்றும் எழுதவில்லை. சர்க்கரை வியாதியில் அப்பாவுக்குக் கால் எடுத்தபோது இந்தக் காரை அனுப்பியவன் அவன். இது ஒரு தகவலுக்காக மட்டும்.

யப்பானில் பன்னிரண்டு கோடிப் பேர் இருக்கிறார்கள் என்று வாசித்திருக்கிறேன்.

அந்நியருக்குப் பெயர் கொடுப்பது என் வழக்கமில்லை. "நேசன் கராச்" என்று போட்டு எழுதினேன். காரின் மூடியைத் திறந்து, டோர்ச் அடித்து, செசி நம்பரை இரண்டு முறை எழுதி ஒப்பிட்டுப் பார்த்து அனுப்பினேன். முப்பத்தொரு வருடம் உப தபாலதிபராக இருந்தவன் நான். ஒரு இலக்கம் மாறினால் ஒரு பொதி எந்த ஊருக்குப் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 7, வெள்ளி

பார்த்துவிட்டான், இரண்டு கோடும் நீலமாகிவிட்டது. மறுமொழி இல்லை.

படங்கைத் தூக்கிப் பார்த்தேன். சீற்றில் கோழி முட்டை இட்டிருந்தது.

ஜூன் 8, சனி

மறுமொழி இல்லை. முட்டை ஒன்று.

ஜூன் 9, ஞாயிறு

மறுமொழி வந்தது. ஆங்கிலத்தில் எழுதுகிறான், நான் தமிழில் பதிகிறேன்.

"செசி நம்பர் கிடைத்தது. இந்தக் காரைத் தெரியும். மோட்டர் தேடுகிறேன். சீற்றைப் பாவிப்பவரின் நிறையைத் தரவும்."

இந்த வகைக் காரை என்று எழுத வந்து பிழைவிட்டிருப்பான். இதற்கு மூன்று நாளா என்று எரிச்சலாக இருந்தது. கிளினிக் கொப்பியைப் பார்த்து 41 கிலோ என்று அனுப்பினேன். உடனே கேட்டான்:

"வடிவாகப் பார்த்தீர்களா? 41தானா?"

"வடிவாகப் பார்த்தேன்."

"முன்பு 68 கிலோவைத் தூக்கிய சீற்."

சீற் செய்யும்போது 68 என்று வைத்துச் செய்திருப்பார்கள். அப்பாவும் கடைசிக்காலத்தில் 68தான். தற்செயல்.

ஜூன் 12, புதன்

இன்று கேட்ட கேள்விகள்: பாவிப்பவர் எந்தக் கையால் பொத்தானை அமுக்குவார்? காது கேட்குமா, சீற்றில் பேசும் குரலைக் கூட்ட வேண்டுமா? ஒரு நாளைக்கு எத்தனை தரம் எழும்புவார்? நித்திரை கொள்கிறாரா?

நான் எழுதியவை: வலது கை. காது, சொல்லாததும் கேட்கும். இரண்டு தரம். நித்திரை குறைவு.

மோட்டருக்கும் நித்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று நேசனைக் கேட்டேன்.

"யப்பான்காரர் எல்லாத்தையும் வடிவாக் கேட்டுத்தான் செய்வினம் அண்ணை," என்றான். சொல்லும்போது கார்ச் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கிட்ட இருந்து வெண்டிக்காய் நறுக்கிய நளாயினி சிரித்தாள். என்ன சிரிப்பு என்றேன்.

"ஒண்டுமில்லையப்பா. வெண்டிக்காய் முத்தல்."

முத்தல் வெண்டிக்காயில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. இரவு கறியும் நாராகத்தான் இருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

பாவிப்பவர் இருக்கும் நிலையில் ஒரு படம் வேண்டுமாம். முதுகுச் சாய்வு பார்க்க. சீற்றில் இருத்த முடியாது, கதிரையில் இருத்தி எடுக்கிறேன் என்றேன். கதிரையும் சரி, முகம் தெரிய எடுங்கள் என்றான். முதுகுச் சாய்வுக்கு முகம் எதற்கு?

அம்மாவிடம் சொன்னதும், "ஆர் பாக்கிறதுக்கு?" என்றார்.

"யப்பான்காரனுக்கு."

"அப்ப இந்தச் சீலையோடையோ எடுக்கப் போறாய்? நளாயினி, அந்தப் பச்சைச் சீலையை எடு பிள்ளை. விபூதியையும் கொண்டா."

முக்கால் மணித்தியாலம் மினக்கெட்டோம். அம்மாவுக்குக் கமரா எங்கே இருக்கிறது என்று வடிவாகத் தெரியாது. ஆனாலும் நேரே பார்த்தார். ஒரு மோட்டருக்கு இவ்வளவு எடுப்பு.

ஜூன் 19, புதன்

படத்துக்கு மறுமொழி: "சாய்வு சரி."

அதற்குக் கீழே மூன்று செய்தி அனுப்பி மூன்றையும் அழித்திருக்கிறான். அழித்த தடம் மட்டும் நிற்கிறது. பிழையான ஆளுக்கு அனுப்ப வேண்டியதை எனக்கு அனுப்பியிருப்பான்.

விலை கேட்டேன். பொருந்தட்டும், பிறகு பார்ப்போம் என்றான். இப்படி வியாபாரம் செய்தால் இவன் உருப்படமாட்டான்.

ஜூன் 21, வெள்ளி

மோட்டர் கிடைத்துவிட்டது! இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டுக் காரொன்றில் கழற்றியதாம், பல் எல்லாம் ஒழுங்காம். படமும் அனுப்பினான். எனக்கு உண்மையிலேயே சந்தோசம். பதிவுத் தபாலில்தான் அனுப்ப வேண்டும், வேறு எந்தக் காகோக் கொம்பனியையும் நான் நம்பமாட்டேன் என்று எழுதினேன்.

அவன் எழுதியது: "தபாலை நம்பலாமா? உங்கள் பகுதிக்கு நான் அனுப்பியவை முன்பு திரும்பி வந்திருக்கின்றன. பதினேழு தடவை."

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஜூன் 22, சனி

இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 23, ஞாயிறு

இன்றும் இல்லை. கோழியும் இடவில்லை.

ஜூன் 24, திங்கள்

அம்மா காலையில் கேட்டார், "மோட்டர்க்காரன் என்னவாம்?" என்று. இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது.

"இந்தமுறை திரும்பாது," என்று எழுதி அனுப்பினேன். நேசனின் கராச் விலாசத்தைக் கொடுத்தேன். பின்னேரம் தபால் இலக்கம் வந்தது. பதின்மூன்று எழுத்து, இலக்கம். வாசிக்க வடிவாக இருந்தது.

ஜூலை 1, திங்கள்

பொதி கொழும்புக்கு வந்து சுங்கத்தில் நிற்கிறது. நாளுக்கு எட்டுத் தரம் பார்க்கிறேன். என் காலத்தில் ஆட்கள் வந்து "ஐயா, வந்திட்டுதோ, ஐயா, வந்திட்டுதோ" என்று கேட்டால் எரிந்து விழுவேன். அவர்களுக்கு இப்படித்தான் இருந்திருக்கும்போல.

படங்கு காற்றில் பறந்து மாமரத்தில் தொங்குகிறது. எடுத்துக் கட்டினேன்.

ஜூலை 8, திங்கள்

தபால்காரர் பொதி அட்டை கொண்டுவந்தார். நேசனின் கராச்சுக்கு அல்ல. எங்கள் வீட்டு விலாசத்துக்கு. பெறுநர்: திருமதி தையல்நாயகி கந்தப்பு.

அது அம்மாவின் பெயர். அம்மாவின் பெயரை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

நேசனுக்கு எடுத்தேன். அவன் போனைத் தூக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

காலை எட்டரைக்குத் தபாலகத்துக்குப் போனேன். என் கதிரையில் இப்போது திருமதி யசோதரா இருக்கிறார். நான் ஓய்வுபெறும்போது பொறுப்பை இவரிடம்தான் கொடுத்தேன்.

"ஐயா, பொதி உங்கட அம்மான்ர பேரில. அவவின்ர கையெழுத்தோடை கடிதம் இல்லாமல் தரேலாது."

"நான் அந்தக் கதிரையில முப்பத்தொரு வருஷம் இருந்தவன்."

"அதாலதான் ஐயா. உங்களுக்குத் தெரியாத சட்டமே?"

எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் செருமினார்கள். திரும்பி வந்தேன்.

அம்மாவிடம் கடிதத்தை வைத்து, விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினேன்.

"என்னத்துக்குக் கையெழுத்து?"

"பொதி எடுக்க. யப்பானில இருந்து மோட்டர்."

"என்ர பேருக்கோ?"

"ஓம்."

அம்மா பேனையை வாங்கினார். "எத்தினை வருஷமாச்சு, என்ர பேருக்கு ஒரு தபால் வந்து," என்றார். பிறகு கையெழுத்து வைத்தார். கண் தெரியாவிட்டாலும் கோடு விலகவில்லை.

கடிதத்தைக் கொடுத்துப் பொதியை எடுத்து, அதில் ஒட்டியிருந்த சுங்கப் படிவத்தைத் தபாலகத்து வாசலில் நின்று வாசித்தேன். "ஒன்று: சீற் மோட்டர், 1. இரண்டு: பொதி நிரப்பும் பழைய காகிதம், 17. பெறுமதி இல்லை." அனுப்பியவரின் பெயரும் இருந்தது. பன்னிரண்டு கோடிப் பேரில் அவன்தான்.

முதல் நாளிலேயே செசி நம்பரைப் பார்த்து இது நாங்கள்தான் என்று கண்டுபிடித்திருப்பான். அவனே வாங்கி அனுப்பிய கார். பெயரை ஒளித்துவிட்டு நம்பரைக் கொடுத்த கெட்டிக்காரன் நான்.

கராச்சில் வைத்து நேசன் பெட்டியை வெட்டினான். மோட்டர் நடுவில் இருந்தது. அதைச் சுற்றி ஆடாமல் இருக்கக் கடித உறைகள். ஒன்றும் பிரிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில், "பெறுநர் ஏற்க மறுத்துவிட்டார். அனுப்பியவருக்குத் திருப்புக." கீழே முத்திரை, கையொப்பம். என் கையெழுத்து எப்போதும் நல்லது, தூரத்திலேயே வாசிக்கலாம்.

நேசன் கூரையைப் பார்த்தான். "நான் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன் அண்ணை," என்று வெளியே போனான். திரும்பி வரக் கனநேரம் எடுத்தான்.

எழுதத்தான் வேண்டும். கொப்பி வேறு எதற்கு?

அப்பா 2015 வைகாசியில் செத்தார். தம்பியின் போனுக்குப் பதினொரு தரம் எடுத்தேன், அவன் எடுக்கவில்லை. மூன்று நாள் வைத்திருந்தோம். அம்மா மூன்று நாளும் படலையடியில் கதிரை போட்டு இருந்தார். ரோட்டுப் புதுசு, வாற பிள்ளைக்கு வீடு பிடிபடாது என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்பாவைத் தனியாகத்தான் கொண்டுபோனேன்.

பத்தாம் நாள் அவனே வீட்டு ரெலிபோனுக்கு எடுத்தான். நான் அவனைப் பேசவிடவில்லை. "அம்மா உன்னோடை கதைக்க மாட்டாவாம்," என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மா அப்படிச் சொல்லவில்லை. அம்மா அப்போது கிணற்றடியில் நின்றார். அடுத்த கிழமை அந்த ரெலிபோனை வெட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.

ஆவணியில் முதல் கடிதம் வந்தது, என் மேசைக்குத்தான். கோபத்தில் திருப்பினேன். இரண்டாவது வந்தபோது கோபம் குறைந்திருந்தது. ஆனால் அதைக் கொடுத்தால் முதலாவது எங்கே என்று வரும். அதனால் அதையும் திருப்பினேன். அப்படியே பதினேழு. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்தேன், தோட்டத்தையே மறைத்தேன்.

வேலையால் வரும்போதெல்லாம் அம்மா கேட்பார், "கடிதம் ஏதும் வந்ததோ?" என்று. நான் இல்லை என்பேன். 2018இல் கேட்பதை விட்டுவிட்டார். அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைக்கத்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 10, புதன்

கடிதங்கள் என் அலுமாரியில். நேசன் மோட்டரைப் பூட்டுகிறான்.

யோசித்துப் பார்த்ததில் மூன்று வழி. எரிக்கலாம். நானே அம்மாவுக்கு வாசித்துக் காட்டலாம், என் வழக்கப்படி விட்டு விட்டு. உறையை அம்மா காணமாட்டார். அல்லது மோட்டர் பொருந்தவில்லை என்று நேசனைக் கொண்டு சொல்விக்கலாம். திகதி போய்விடும், கண்ணும் போய்விடும், அதற்குப் பிறகு அம்மா எதையும் தானாக வாசிக்கமாட்டார்.

மூன்றாவதை எழுதிவிட்டு நானே பயந்துபோனேன். வெட்டாமல் விடுகிறேன். என்னவெல்லாம் என் மண்டைக்குள் வரும் என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடிதங்களை நான் பிரிக்கவில்லை. முப்பத்தொரு வருடத்தில் பிறருடைய கடிதம் ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. இதைப் பெருமையாக எழுதத் தொடங்கினேன், முடிக்கும்போது பெருமை இல்லை.

ஜூலை 11, வியாழன்

பொத்தானை அமுக்கினோம். சீற் திரும்பியது, வந்தது, இறங்கியது. உள்ளே இருந்தவள் பாதியில் விட்ட வசனத்தை முதலில் இருந்து சொன்னாள்.

"ஓமடி பிள்ளை," என்றார் அம்மா. "எங்க போனனீ இவ்வளவு நாளும்?"

நளாயினி கண்ணைத் துடைத்தாள். நேசன் தன் கெட்டித்தனத்தைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினான். கோழியை வேறு இடம் பார்க்கச் சொல்லித் துரத்தினேன்.

ஜூலை 12, வெள்ளி

ஐந்தரைக்கு வெளிக்கிட்டோம். சீற் ஏறியது, ஆஸ்பத்திரியில் இறங்கியது. ஒப்பரேஷன் இருபது நிமிடம். நான் வெளியே வாங்கில் இருந்தேன். கண் தெரிய வேண்டும் என்று கும்பிட்டேன். தெரிந்தால் எனக்கு என்ன நடக்கும் என்றும் தெரியும். இரண்டையும் சேர்த்துத்தான் கும்பிட்டேன்.

ஜூலை 13, சனி

கட்டு அவிழ்த்தார்கள். அம்மா டொக்டரைப் பார்த்தார், தாதியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"நீ நல்லா நரைச்சுப் போனாய், குகதாசன்."

ஜூலை 14, ஞாயிறு

காலைச் சாப்பாடு முடிந்ததும் பதினேழையும் திகதி ஒழுங்கில் அடுக்கி அம்மாவின் மடியில் வைத்தேன். வைத்துவிட்டு நின்றேன். கவுண்டருக்கு வெளியே நிற்கும் ஆட்களைப்போல.

அம்மா மேலே இருந்ததை எடுத்துத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, விலாசத்தை வாசித்தார். பிறகு சிவப்பு மையை வாசித்தார்.

"இது உன்ர எழுத்து."

"ஓம்."

அடுத்ததை எடுத்தார். அதற்கு அடுத்ததை. பதினேழையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"நான் எப்ப மறுத்தனான்?"

மடியில் சரிந்த உறைகளை நேராக்கினேன்.

"கேக்கிறனெல்லே. நான் எப்ப மறுத்தனான்?"

"நீங்கள் மறுக்கேல்லை அம்மா. நான்தான்."

"போ அங்காலை," என்றார். போனேன்.

ஜூலை 15, திங்கள்

கனக்க வாசிக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னார். அம்மா கேட்கவில்லை. என்னோடு பேசவும் இல்லை. நளாயினியிடம் கேட்டதில் ஒன்பதாவது கடிதத்தில் நிற்கிறாராம்.

இந்த விசயம் உனக்கு முன்பே தெரியுமா என்று அவளையும் கேட்டேன். "மோட்டர் அவன்ர எண்டு நேசன் முதலே சொன்னவன். கடிதம் தெரியாது. தெரிஞ்சிருந்தால் நான் உங்களோடை இருந்திருக்கமாட்டன்," என்றாள். சொல்லிவிட்டு எனக்குச் சோறு போட்டாள்.

ஜூலை 16, செவ்வாய்

பின்னேரம் அம்மா கூப்பிட்டார்.

"கொப்பர் செத்த நேரம் அவனை விசா இல்லையெண்டு பிடிச்சு உள்ளுக்கு வைச்சிருந்தவங்கள். போனையும் வாங்கி வைச்சிட்டாங்கள். ஒன்பது நாள் கழிச்சு வெளியில விட்ட பிறகுதான் அவனுக்குத் தெரியும். முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறான்."

முதல் கடிதம், 2015 ஆவணி. என் கையில் இருந்தது. ஒரு பகல் முழுக்க என் மேசையில் இருந்தது.

நான் அழுதேன். அறுபத்துநாலு வயதில் அம்மாவுக்கு முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். அம்மா அழவேண்டாம் என்று சொல்லவில்லை. லேஞ்சியை மட்டும் நீட்டினார்.

ஜூலை 17, புதன்

காலையில் அம்மா கேட்டார், "அந்த யப்பான்காரனுக்கு மோட்டர் வந்து சேர்ந்ததெண்டு எழுதினனியோ?"

"இல்லை."

"எழுது. என்ர கண்ணுக்கு முன்னால இருந்து எழுது. இப்ப எனக்கு எழுத்துத் தெரியும், விட்டு விட்டு எழுதாதை."

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். முதன்முறையாகத் தமிழில் எழுதினேன். எழுதியதை இங்கே பதிகிறேன்.

"மோட்டர் பொருந்தியது. மற்றப் பதினேழும் பெறுநரிடம் ஒப்படைக்கப்பட்டன. பெறுநர் ஒருபோதும் மறுக்கவில்லை. மறுத்தது தபாலதிபர். அப்பாவின் விசயத்தில் நீ வராததற்குக் காரணம் நேற்றுவரை எனக்குத் தெரியாது, தெரியக்கூடாதென்று நானே பார்த்துக்கொண்டேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகமில்லை. சற்குணன், அம்மாவுக்குக் கண் தெரிகிறது."

அவனுடைய பெயரை எழுதியிருக்கிறேன் என்பதை அனுப்பிய பிறகுதான் கவனித்தேன்.

நீலமாகியது. எழுதுகிறான் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. அம்மா பக்கத்தில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இரண்டு வார்த்தை வந்தது. தமிழில்.

"சரி அண்ணை."

கொஞ்சம் பொறுத்து இன்னொன்று: "அம்மா சாப்பிட்டவவோ?"

"ஓம். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும்," என்று எழுதினேன்.

"முட்டையும் எண்டு போடு," என்றார் அம்மா.

போட்டேன்.